இயக்குநர் (பொ)

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் டீச்சரின் கால் தரைக்கு எட்டாது. முன்பிருந்த இயக்குநர் ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம். அவர் தன் முழங்காலுக்குத் தோதாக நாற்காலியை ஏற்றி வைத்தார். பிறகு ஏற்றி இறக்கும் பிடி உடைந்துபோனது, பிறகு அவரும் வேறு ஊரில் இதைவிடப் பெரிய மையம் கிடைத்துப் போய்விட்டார். நாற்காலி மட்டும் அவர் நினைவாக அதே உயரத்தில் நின்றுவிட்டது. அதில் ஏற ஒரு சின்னக் குதி குதிக்க வேண்டும். அறையில் யாராவது இருந்தால் டீச்சர் குதிக்க வெட்கப்பட்டு நின்றுகொண்டே பேசிவிடுவாள். வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "பதவி வந்தும் உக்காரக்கூட மாட்டேங்கறாங்க பாரு, என்ன பணிவு" என்று மெச்சிக்கொண்டு போனார்கள்.

அது நகராட்சியின் பொழுதுபோக்கு மையம். கீழே ஒரு பெரிய கூடம், அதை ஒட்டிக் கண்ணாடிச் சுவர் போட்ட நீச்சல் குளம். மாடியில் சதுரங்கத்துக்கு ஒரு அறை, பாட்டு கற்பவர்களுக்கு ஒரு அறை. கட்டடம் முழுக்க குளோரினும் காலுறையும் கலந்த ஒரு வாசனை. புதிதாக வருபவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு மாதம் வந்துவிட்டால் அந்த வாசனை இல்லாமல் சாயங்காலம் சாயங்காலமாகவே இருக்காது.

இயக்குநர் அறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'இயக்குநர் (பொ)'. பொ என்றால் பொறுப்பு. அதாவது நிஜ இயக்குநர் கிடைக்கும்வரை நாற்காலி ஆறிப்போகாமல் பார்த்துக்கொள்பவர். சில மாதம்தான் என்று சொல்லித்தான் டீச்சர் தலையில் கட்டினார்கள். நகராட்சிக் கணக்கில் சில மாதம் என்பது எவ்வளவு என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டாள். இப்போது அந்தக் காகிதத்தின் ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

அவளுடைய சொந்த வேலை குளத்தில். 'வயது வந்தோருக்கான நீர்ப் பழக்க வகுப்பு' என்று பலகையில் எழுதியிருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது 'பயந்தவங்க கிளாஸ்'தான்.

முதன்முதலில் அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்தது டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார. அப்போது தண்ணீர் என்றால் அவளுக்கு நடுக்கம். தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போதுகூட ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொள்வாள். ஒரு மத்தியானம் ஏதோ ஒரு குழந்தையின் செருப்பு குளத்தில் மிதந்தது. குனிந்து எடுக்கப்போனவள் உள்ளே விழுந்தாள். அலறினாள், கையைக் காலை அடித்தாள், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்றுகூட நினைத்துவிட்டாள். கரையில் துடைப்பத்தோடு நின்ற கிளீனர் கொட்டாவி விடுகிற குரலில் சொன்னான்:

"அக்கா, எந்திரிச்சு நில்லுங்க."

நின்றாள். தண்ணீர் இடுப்பளவு.

அவள் பயத்தை விரட்டியது நீச்சல் இல்லை, அந்தக் கொட்டாவி. அந்தக் குரலை நினைத்து நினைத்துக் கோபப்பட்டே தினமும் வேலை முடிந்ததும் குளத்தில் இறங்கினாள். கோபத்திலேயே மிதந்தாள், கோபத்திலேயே கரைக்குக் கரை போனாள். பிற்பாடு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோதும் அதே வழிதான். ஒரே ஆளுக்குள் பயமும் கோபமும் சேர்ந்து குடியிருக்காது என்பது அவள் கண்டுபிடிப்பு. கோபம் வந்தால் மனிதனுக்கு ரெண்டு கையும் பேசும். பேசுகிற கை குளத்தோரக் கம்பியைப் பிடிக்காது.

அதனால் அவள் வகுப்பில் முதலில் நடப்பது வெறும் அரட்டை. கண்ணாடிச் சுவர் முழுக்க பழைய படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டுவிடுவாள், வேடிக்கை பார்க்க யாருக்கும் அனுமதி கிடையாது. வந்தவர்கள் படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். பேசப் பேச யாருக்கு எங்கே சுருக்கென்று குத்தும் என்று டீச்சர் பார்த்து வைத்துக்கொள்வாள். பிறகு ஒருநாள் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கும் தையல்காரரிடம், "நீங்க தச்ச சட்டையில பொத்தான் நிக்கவே மாட்டேங்குதாமே, ஊரே பேசுது" என்பாள். அவர் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "யாரு சொன்னது? எவன் சொன்னது?" என்று அவளை நோக்கிப் பாய்வார். அவள் பின்னோக்கியே நகர்வாள். குளத்தின் பாதியில்தான் தன் காலுக்குக் கீழே தரையில்லை என்று அவருக்குத் தெரியும். அதற்குள் மிதக்க ஆரம்பித்திருப்பார். "சும்மா சொன்னேங்க" என்று மன்னிப்பும் அங்கேயே கேட்டுவிடுவாள்.

அந்த வகுப்பு மத்தியானம் மூன்று மணிக்கு. நகராட்சியில் எல்லாக் கூட்டங்களும் அதே மூன்று மணிக்கு. (பொ) ஆன அன்றைக்கே வகுப்பு நின்றுபோனது. எல்லோரும் போய்விட்டார்கள், பேக்கரிக்காரர் மட்டும் போகவில்லை.

பேக்கரிக்காரர் நல்ல கனமான மனிதர். மகன் குடும்பம் கடலோரத்தில் இருந்தது. லீவுக்குப் போனால் பேரன் இடுப்பளவு அலையில் நின்றுகொண்டு "வா தாத்தா" என்று கூப்பிடுவான். தாத்தா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் நிற்பார். போன லீவில் பேரன் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டான். அதைச் சொல்லித்தான் வகுப்பில் சேர்ந்தார். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். அதற்குமேல் வரவில்லை, ஏனென்றால் அவருக்குக் கோபம் என்பதே கிடையாது. "உங்க ரொட்டி நேத்து கல்லு மாதிரி இருந்துச்சு" என்றால், "ஆமா டீச்சர், எனக்கே அது சரியா வரலைன்னு தோணுச்சு" என்று தலையாட்டுவார். நல்ல மனிதர்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் நடக்காது.

வகுப்பு நின்ற பிறகும் அவர் வாராவாரம் துண்டோடு வந்து இயக்குநர் அறை வாசலில் நிற்பார்.

"எப்ப டீச்சர்?"

"புது ஆளு வரட்டுங்க. வந்த மறுநாளே நம்ம கிளாஸ்தான்."

"லீவு வருது."

"அதுக்குள்ள வந்துடுவாங்க."

அந்த ஆளைத் தேடுகிற வேலையும் நடந்தது. நகராட்சி விளம்பரம் கொடுத்தது. ஒருநாள் மேலதிகாரி அம்மா டீச்சரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அங்கே நாற்காலி சரியான உயரத்தில் இருந்ததால் டீச்சர் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேருதான் விண்ணப்பம் போட்டிருக்காங்க. குறைஞ்சது மூணு பேராவது இருக்கணும்னு விதி. நீங்க ஒண்ணு போட்டுடுங்க, ஒப்புக்கு."

"எனக்கு வேணாங்கம்மா."

"உங்களுக்குக் குடுக்கப்போறதில்ல. எண்ணிக்கைக்குத்தான்."

"அப்புறமா வேணாம்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்தா மொத்தமும் முதல்லேருந்து. இன்னும் ஒரு வருஷம் நீங்களே பொறுப்பு. அந்த ரெண்டு பேரும் கழண்டுக்கிட்டா மட்டும், நீங்கதான் நிரந்தரம். அப்படி எங்க நடக்கப்போவுது?"

டீச்சர் விண்ணப்பம் போட்டாள். விதிப்படி மூன்று பேர் பெயரும் மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அதைப் படித்த முதல் ஆள் கேப்டன். அங்கேதான் எல்லாம் கெட்டுப்போனது.

கேப்டன் ஓய்வு பெற்ற ஸ்கூல் வேன் டிரைவர். டேபிள் டென்னிஸ் கூட்டத்துக்குத் தலைவர். புள்ளிக் கணக்கைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவதால் அந்தப் பெயர். டிக்கெட் ஜன்னல் காலத்திலிருந்தே டீச்சர்மேல் அவருக்கு உயிர். மழை நாளில் நேரத்துக்கு முன்னாலேயே கதவைத் திறந்துவிட்டவள் அவள்தான். மேடைத் திரைக்குப் பின்னால் அவர் கூட்டம் ஒளித்து வைத்திருந்த டீ கெட்டிலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனவளும் அவள்தான். அவர் பலகை முன்னால் நின்று தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா கேட்டிருக்குடா. வாழ்க்கையில முதல் தடவையா தனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கு. நாம பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கலாமா?"

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் இருக்கவில்லை.

தேர்வுக்கு அந்த மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்கு வருபவர் ஒரு முழுநாள் மையத்தை நடத்திக் காட்ட வேண்டும். சாயங்காலம் வாசலில் ஒரு வாளி வைப்பார்கள். ஆள் பிடித்திருந்தால் வெள்ளைப் பந்து, பிடிக்காவிட்டால் ஆரஞ்சுப் பந்து. நசுங்கிப்போன டேபிள் டென்னிஸ் பந்துகளுக்கு அது ஓய்வுக்குப் பிந்தைய வேலை. எழுதிக் கொடுங்கள் என்றால் யாரும் எழுதுவதில்லை, வாளியில் எதையாவது போடச் சொன்னால் வரிசையில் நிற்கிறார்கள் என்று பழைய இயக்குநர் கண்டுபிடித்த முறை அது.

முதலில் வந்தவர் ஒரு விசில்காரர். விளையாட்டுத் துறையில் பெரிய படிப்பு, கழுத்தில் நீலக் கயிற்றில் விசில். காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மையத்தில் மிகவும் ஆபத்தான நேரம் நாலு மணி. அப்போதுதான் டேபிள் டென்னிஸ்காரர்கள் கூடத்தைக் காலி செய்து, சக்கர ஷூ போட்ட சிறுவர்களுக்கு விட வேண்டும். அன்றைக்குக் காலையிலேயே கேப்டனின் ஆட்கள் ஏணி போட்டு ஒவ்வொரு கடிகாரத்தையும் ஒவ்வொரு மாதிரி திருப்பி வைத்திருந்தார்கள். விசில்காரரின் கைக்கடிகாரத்தை, "பந்து பட்டா உடைஞ்சுடும் சார்" என்று அக்கறையாகக் கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள்.

விளைவு, கூடத்துக் கடிகாரத்தில் மூன்றரை, வாசல் கடிகாரத்தில் நாலே கால். சிறுவர்கள் உருண்டு உள்ளே வந்தார்கள். கேப்டன் கூட்டம் மேஜையை விடவில்லை. மாடியிலிருந்து பாட்டுக்காரர்கள் இறங்கி வந்து எங்கள் நேரப்படி இப்போது ஐந்து என்றார்கள். விசில்காரர் விசிலை ஊதினார். அதைக் கேட்டதும் சிறுவர்கள் பந்தயம் ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

வாளி நிறைய ஆரஞ்சு. ஆரஞ்சுப் பந்து போதாமல் வெள்ளைப் பந்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் சாயம் பூசியிருந்தார்கள். அது காயாததால் போகும்போது ஒவ்வொருத்தரும் டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்க, அவள் கையும் ஆரஞ்சாகிவிட்டது. விசில்காரர் மறுநாளே போன் செய்து, "வேறொரு நல்ல வாய்ப்பு" என்றார்.

டீச்சர் கேப்டனை மேடைக்குப் பின்னால் மடக்கினாள்.

"கடிகாரத்தைத் திருப்புனது யாரு?"

"எந்தக் கடிகாரம்?"

"கேப்டன், எனக்கு இந்த வேலை வேணாம்."

"தெரியும்க்கா. நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க."

"நெஜமா வேணாங்க. அந்த விண்ணப்பம் எண்ணிக்கைக்குப் போட்டது."

கேப்டன் தன் ஆட்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கேட்டுக்கங்கடா. வாய்விட்டுக் கேக்கத் தெரியாத ஜென்மம். நீங்க நிம்மதியாப் போங்கக்கா. இன்னும் ஒரே ஒரு விக்கெட்தான்."

அன்று அவள் வீட்டுக்குப் போனபோது மகள் சோபாவில் சாய்ந்து பளபளக்கிற காகிதத்தில் சுற்றிய பன்னைத் தின்றுகொண்டிருந்தாள். பேக்கரிக்காரருக்கு எதிர்க் கடை பன்.

"நம்ம பேக்கரிக்காரர் கடையில வாங்கறதுக்கென்ன?"

"இது மெத்துன்னு இருக்கும்மா. அவர் பன்னு பல்லைக் கேக்குது."

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கட்டடங்களின் தொண்டைக்குழிக்குள் தொங்குபவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார்.

"ஊர்ல எல்லாரும் மேல போற பட்டனை அமுக்குறாங்க. என் வீட்டுக்காரி மட்டும் கீழ்ப் பட்டனை அமுக்கிட்டு நிக்கிறா. லிஃப்ட் மேலதான் வருவேன்னு அடம்பிடிக்குது."

"சிரிக்காதீங்க. அடுத்த வாரம் வர்ற அம்மாவையும் விரட்டிட்டா, சாகறவரைக்கும் அந்த நாற்காலிதான் எனக்கு. கிளாஸ் அவ்வளவுதான். அந்த மனுஷன் துண்டை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறதை நீங்க பாக்கணும்."

"அவங்களுக்கு உன்னைப் பிடிச்சுப்போனதுதான் கோளாறு."

"பிடிக்காமப் போக என்ன செய்யறது?"

மகள் விரலில் ஒட்டிய பன்னை நக்கிக்கொண்டு சொன்னாள்: "ரொம்ப சுலபம்மா. என்கிட்ட பேசற மாதிரி அவங்ககிட்டயும் பேசு."

கணவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். டீச்சர் மகளைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தாள். பிறகு முறைப்பு மாறி, யோசனையாகிவிட்டது.

மறுநாள் முதல் வேலையாகத் திரைக்குப் பின்னால் போய்க் கெட்டிலைப் பறிமுதல் செய்தாள். மின்சாரச் சாமான் கூடத்தில் இருக்கக் கூடாது என்பது விதி. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் கேப்டனின் குரல் கேட்டது:

"பாத்தீங்களாடா நடையை? பதவிக்கு ஏத்த மிடுக்கு வந்துடுச்சு."

அடுத்த நாள் கறுப்பு அடி வைத்த ஷூ போட்டவர்களை, தரையில் கோடு விழுகிறது என்று வாசலிலேயே நிறுத்தினாள். "ஆமா, இப்படி ஒரு ஆளு கேக்க வேண்டியதுதான்" என்று வெறுங்காலோடு விளையாடினார்கள். பாட்டு வகுப்பின் கதவைத் தட்டி, சத்தம் ஜாஸ்தி என்றாள். அவர்கள் வாய்க்குள் பாடிவிட்டு, போகும்போது, "கண்டிப்பு நல்லதுதான்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் எவ்வளவு கடுகடுத்தாளோ அவ்வளவு அன்பு பெருகியது. நேசிப்பது என்று முடிவு செய்துவிட்ட கூட்டத்தை என்ன செய்தும் ஒன்றும் பண்ண முடியாது.

புது அம்மா வருவதற்கு முந்தின மத்தியானம். டீச்சர் கூடத்துச் சுவரில் சாய்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் எதைப் பிடுங்குவது, எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவள் கண் தேடியது. குளத்துப் படியில் உட்கார்ந்து தேடுகிற அதே கண். கேப்டன் சர்வீஸ் போட நின்றார். அவருடைய சர்வீஸ் அந்தக் கட்டடத்தில் பேர்போனது. பந்தை மூடிய விரலுக்குள்ளேயே வைத்திருந்து, மேலே போடாமல், மட்டையோடு சேர்த்து ஒரு சுழற்று. பந்து எங்கிருந்து கிளம்பியது என்று எதிராளிக்குத் தெரியாது. ஆட்ட விதிப்படி விரித்த உள்ளங்கையில் பந்தை வைத்து மேலே தூக்கிப் போட்டு அடிக்க வேண்டும். அங்கே விளையாடுகிற எல்லோருக்கும் அது தெரியும். யாரும் சொன்னதில்லை. கேப்டன் ஆயிற்றே.

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"கேப்டன், உங்க சர்வீஸ் ஃபவுல்."

பந்து மேஜையில் தட்டிக்கொண்டே போய்க் கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"பந்தைக் கைக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போடறீங்க. அது ஃபவுல். இவ்வளவு நாளும் நீங்க ஜெயிச்ச பாதி ஆட்டம் ஜெயிச்சதே இல்ல. இனிமே உள்ளங்கையை விரிச்சுப் போடுங்க. இல்லனா மேஜையை வேற யாருக்காவது விடுங்க."

கேப்டன் கத்தியிருந்தால் டீச்சருக்குப் பரவாயில்லை. அவர் மட்டையை உறைக்குள் வைத்து, ஜிப்பை மெதுவாக முழுக்க இழுத்து மூடினார். கூடத்தில் அந்த ஜிப் சத்தம் மட்டும்தான் கேட்டது. வேனில் ஏறுகிற பிள்ளைகளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டே வளைந்துபோன அந்த முதுகு, வாசல் பக்கம் திரும்பிப் போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராக மேஜையை விட்டு நகர்ந்தார்கள். கடைசியாகப் போனவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"அந்தம்மாவுக்குத் தலைக்கு ஏறிடுச்சுப்பா."

அக்கா போய் அந்தம்மா வந்துவிட்டது. நினைத்த காரியம் முடிந்தது. டீச்சர் பம்ப் அறைக்குப் போய், குளோரின் கண்ணில் பட்டுவிட்டது என்று முந்தானையோ துண்டோ கையில் கிடைத்ததை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குக் குளோரின் டப்பாவை யாரும் திறக்கவே இல்லை.

மறுநாள் வந்த அம்மா அதற்கு முன்னால் ஒரு பெரிய மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வரிசையைப் பார்த்துக்கொண்டவர். வலியோடும் பசியோடும் நிற்கிற கூட்டத்தையே சமாளித்தவருக்கு இது ஒரு கூட்டமா. நாலு மணி நெருங்கும்போது கூடத்தின் நடுவில் வந்து நின்று, விளையாடிக்கொண்டிருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு சிறுவனைக் காட்டி, "உங்களுக்கு அடுத்து இந்தத் தம்பி. நீங்களே கூட்டிட்டு வந்து உங்க இடத்துல விட்டுடுங்க" என்றார். தன் இடத்தைத் தன் கையாலேயே கொடுக்கச் சொன்னால் சண்டை போட யாருக்கும் தோன்றவில்லை. கடிகாரங்கள் எல்லாம் சரியான நேரத்தைக் காட்டின. திருப்பி வைக்க யாருக்கும் மனசில்லை. தலைக்கு ஏறிப்போன அந்தம்மாவுக்காக யார் ஏணி ஏறுவது?

கேப்டன் அன்று விளையாடாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வரிசையம்மா அவரிடம் போனார்.

"நீங்க ஆடலையா?"

"என் சர்வீஸ் சரியில்லையாம். நீங்களே பாத்துச் சொல்லுங்க." எழுந்து போய் ஒன்று போட்டார்.

"எனக்கு இந்த ஆட்டம் தெரியாதுங்க. ஆனா பந்து எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. அழகா இருந்துச்சு."

சாயங்காலம் வாளியில் முதல் வெள்ளைப் பந்து கேப்டனுடையது. டீச்சர் பார்க்கட்டும் என்று கையை நன்றாக உயர்த்திப் போட்டார். அந்த மாதிரி உயர்த்தி சர்வீஸ் போட்டிருந்தால் வம்பே இருந்திருக்காது. அதற்குப் பிறகு வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரே ஒரு ஆரஞ்சு விழுந்தது. சதுரங்க அறைப் பெரியவருடையது. அவருக்கு நிறம் சரியாகத் தெரியாது.

மேலதிகாரி அம்மா போனில், "உங்களுக்கு வருத்தமில்லையே?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றாள் டீச்சர். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

புது இயக்குநர் வந்து உட்கார்ந்தபோது அவர் கால் தரையில் அழகாகப் பதிந்தது. கதவில் இருந்த மஞ்சள் காகிதத்தை டீச்சரே நகத்தால் சுரண்டி எடுத்தாள். '(பொ)' மட்டும் பசையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஈரத் துணி வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் படுக்கை விரிப்புகளைக் கண்ணாடியில் மாட்டினாள். பேக்கரிக்காரர் முதல் ஆளாக வந்து படியில் உட்கார்ந்தார். லீவு தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அரட்டைக்கெல்லாம் நேரமில்லை. நேராகக் கழுத்தளவுக்கு அழைத்துப் போனாள். அவர் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இடையில் விட்டுப்போனதில் அந்த ஒரு கையும் பழையபடி திரும்பிப் போயிருந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"என் பொண்ணு இப்பல்லாம் எதிர்க் கடை பன்னுதான் சாப்பிடுது."

பேக்கரிக்காரரின் முகத்தில் இதுவரை யாரும் பார்த்திராத ஒன்று எட்டிப் பார்த்தது.

"எது? அந்தப் பளபளா பேப்பர்ல சுத்தி விக்கிறானே, அதுவா?"

"அதுதான். மெத்துன்னு இருக்காம்."

"மெத்துன்னா? டீச்சர், அது பன்னே இல்ல, பஞ்சு. மெஷின்ல காத்தை அடைச்சு விக்கிறான். மாவைத் தொட்டுப் பாத்திருப்பானா அவன்? விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு நான் இந்தக் கையால, இந்தக் கையால பிசையறேன்—"

ரெண்டு கையும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றில் மாவு பிசைந்தன. டீச்சர் பின்னோக்கியே நகர்ந்தாள். "உங்களுது பல்லைக் கேக்குதாமே" என்றாள். "பல்லு இருக்கறவன் திங்கறதுதான் பன்னு" என்று அவர் அவளைத் துரத்தினார். எதிர்க் கடைக்காரரின் பரம்பரையையே இழுத்துக்கொண்டு, அடித்த கையும் உதைத்த காலுமாக, அந்தக் கனத்த மனிதர் குளத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். அங்கே டீச்சர் பேச்சை நிறுத்தினாள். அவரும் நிறுத்தினார். கீழே பார்த்தார். அவர் மிதந்துகொண்டிருந்தார்.

கரைக்கு வந்து மூச்சு வாங்கி, கம்பியை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டு கேட்டார்:

"டீச்சர், பொண்ணு நெஜமாவே அதைத்தான் சாப்பிடுதா?"

"சேச்சே. சும்மா சொன்னேங்க."

மகளை நாளையிலிருந்து கடை மாற்ற வைக்க வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கதவுப் பக்கத்து விரிப்புக்குப் பின்னால் யாரோ செருமுவது கேட்டது. கேப்டன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. விரிப்பின் ஓரத்தை விலக்கி முகத்தை மட்டும் உள்ளே நீட்டினார். டீச்சரைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

"கெட்டிலைக் கேட்டு வந்தேன். புது அம்மா, திரைக்குப் பின்னாடி வேணாம், அவங்க அறையிலேயே வெச்சுக்கலாம்னுட்டாங்க."

"என் அலமாரியில இருக்கு. எடுத்துத் தரேன்."

முகம் போகவில்லை.

"இப்படித்தான் கோவத்தைக் கிளப்பிக் கையை விட வைப்பீங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் சும்மா சொன்னேன்னு சொல்லிடுவீங்க."

"ஆமா."

தண்ணீர் கேப்டனின் மூக்குக்கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப என் சர்வீஸும் சும்மா சொன்னதுதானா?"

சும்மாதான் என்று சொல்லியிருக்கலாம். இப்போதுதான் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருந்தாள், அந்தச் சூட்டிலேயே இன்னொன்றும் வந்திருக்கும். டீச்சர் தண்ணீரில் நின்றபடி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல கேப்டன். அது ஃபவுல்தான்."

குளத்து வடிகாலில் தண்ணீர் களகளவென்று இறங்கியது.

"தெரியும்" என்றார் கேப்டன். "வேன் ஓட்டுற காலத்துலேர்ந்தே தெரியும்." பிறகு, போக நினைத்தவர் மாதிரி விரிப்பைப் பாதி விட்டு, திரும்ப விலக்கினார். "கெட்டில் எந்த அலமாரியிலக்கா?"

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க. சொல்றேன்."